கிணற்றுக்குள் ராசா பங்கு

வாலமுனை ஆட்களைப் பற்றி ஒரு குறை சொல்ல முடியாது. சொன்னால் சொன்னபடி செய்வார்கள். அட, அதுதானய்யா தொல்லையே!

பறங்கிக் கப்பல்கள் கரைக்குக் கரை கல் நட்டு, இது எங்க ராசாவுக்கு என்று சொல்லிக்கொண்டு திரிந்த காலம். வாலமுனையிலும் கப்பல் தலைவரான ஒரு கப்பித்தான் வந்து இறங்கி, கடற்கரையில் ஒரு கல்லை நட்டார். அவர் பேச்சைத் தமிழில் சொல்ல ஒரு துபாஷி. அவன் தொண்டையைச் செருமினான்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. இந்தக் கல்லடியில நின்னு பார்த்தா என்னென்ன தெரியுதோ, அதுல எல்லாம் சரிபாதி போர்த்துக்கல் ராசாவுக்கு. வர்ற பௌர்ணமிக்கு வந்து பங்கை எடுத்துக்குவோம். அதுவரைக்கும் கல்லைப் பத்திரமா வச்சிருக்கணும். கல்லுக்கு ஏதாச்சும் ஆச்சு, ஊரையே கொளுத்திருவோம்."

கப்பல் போனதும் மீன்பிடிக்கிற வெயிலுகந்தான் விரல்விட்டு நாளை எண்ணிப் பார்த்தான். பௌர்ணமியன்றுதான் அவன் மகளுக்குக் கல்யாணம். சீலா மீன் குழம்பு இல்லாவிட்டால் பந்தியில் உட்கார மாட்டோம் என்று மாப்பிள்ளை வீட்டார் கறாராகச் சொல்லியிருந்தார்கள். பிடிக்கிற மீனில் பாதி ராசாவுக்குப் போனால், பாதிச் சனம் பசியோடு எழுந்து போகும். பெண்ணைப் பெற்றவன் மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைப்பான்?

எதற்கும் பார்த்துவிடுவோம் என்று கல்லடியில் போய் நின்றான். கடல் தெரிந்தது. வள்ளம் தெரிந்தது. கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த அவன் பெண்டாட்டி பூரணமும் தெரிந்தாள்.

"அய்யய்யோ, நீயும் தெரியிறியேட்டீ!"

"தெரிஞ்சா என்ன?"

"பாதி ராசாவுக்கு."

பூரணம் கூடையைக் கீழே வைத்தாள். தலையிலிருந்து கால்வரை தன்னையே ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "எந்தப் பாதி?" என்றாள்.

வெயிலுகந்தானுக்கு அழுகையே வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் ஊர் கூடியது. ஊர்த்தலைவர் ஆண்டியப்பர் நடுவில் உட்கார்ந்தார்.

"கல்லைக் கடல்ல போட்டுருவோம்" என்றான் சொரிமுத்து.

"கூறுகெட்டவனே! கடலுக்கு அடியில நின்னு பார்த்தா அத்தனை மீனும் தெரியுமேலே!"

எல்லாரும் நடுங்கிப் போனார்கள். நல்லவேளை, தலைவர் இருந்தாரோ ஊர் பிழைத்ததோ!

வெயிலுகந்தான் எழுந்தான். "அண்ணாச்சி, செம்மணல் தேரிக்காட்டுல ஒரு பாழுங்கிணறு கிடக்கு. கல்லை அதுக்குள்ள இறக்குவோம். அங்க நின்னு பார்த்தா துண்டு வானந்தான் தெரியும். அதுல பாதியை ராசா தாராளமா எடுத்துக்கிடட்டும். கல்லும் பத்திரமா இருக்கும்."

என்ன மூளை, என்ன மூளை என்று சனம் வாயைப் பிளந்தது.

மறுநாள் எட்டுப் பேர் கல்லைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டார்கள். தோள் வலிக்கிறதே என்று எங்கேயாவது இறக்கி வைக்க முடிந்ததா? "என் வீட்டு முன்னால நிப்பாட்டாதீங்க, என் ஆடு தெரிஞ்சிரும்!" என்று ஒருத்தி அலறினாள். இன்னொருத்தி தன் மாமியாரைக் கொண்டுவந்து வாசலில் உட்காரவைத்துவிட்டு, "இங்க கொஞ்சம் இறக்கி வச்சு இளைப்பாறிட்டுப் போங்களேன்" என்று கெஞ்சினாள். எட்டுப் பேரும் ஒரே ஓட்டமாக ஓடிக் கிணற்றில் இறக்கிவிட்டுத்தான் மூச்சு விட்டார்கள்.

பௌர்ணமியும் வந்தது. வள்ளம் நிறைய சீலா. காலையில் தாலி கட்டி முடிந்து, குழம்பு கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில் கப்பித்தானும் துபாஷியும் வந்து நின்றார்கள்.

"கல் எங்கடா?" என்றான் துபாஷி.

"பத்திரமா இருக்கு சாமி, வாங்க" என்று வெயிலுகந்தான் பெருமையோடு அழைத்துப்போனான்.

கப்பித்தான் கிணற்றை எட்டிப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் எட்டிப் பார்த்தார். விழப்போகிறாரே என்று துபாஷி அவர் இடுப்பு வாரைப் பிடித்தான். கரை சரிந்தது. இரண்டு பேரும் உள்ளே இருந்த மணலில் பொத்தென்று விழுந்தார்கள். அடி ஒன்றுமில்லை.

"கயிறு போடுங்கடா!" என்று துபாஷி கத்தினான்.

போட்டார்கள். இரண்டு பேரும் பிடித்துத் தொங்கிய சமயம் பார்த்து ஆண்டியப்பர் கையை உயர்த்தினார்.

"நிப்பாட்டுங்கலே! துபாஷி சாமி, அங்கிருந்து பார்த்தா கயிறு தெரியுதா?"

"தெரியாம? அதைப் பிடிச்சுத்தானடா தொங்குறோம்!"

"அப்போ பாதி ராசாவுக்கு."

வெயிலுகந்தான் நாணயமானவன். கயிற்றைக் கண்ணாலேயே அளந்து, சரியாக நடுவில் அறுத்து, ராசாவின் பாதியைக் கீழே விட்டான். அதில் தொங்கிய இரண்டு பேரும் கூடவே போனார்கள்.

"பங்கு வந்து சேர்ந்துச்சா சாமி?"

கிணற்றுக்குள்ளிருந்து இரண்டு பாஷையிலும் வசவு வந்தது. வெயில் ஏற ஏற வசவு கெஞ்சலாக மாறியது. கடைசியில் துபாஷி அழுதுகொண்டே சொன்னான்: "ராசாவுக்கு ஒண்ணும் வேண்டாமாம்! கப்பித்தான் சத்தியம் பண்ணுறாரு. இந்தக் கல்லடியில தெரியிறது பூராவும் இனிமே உங்களுக்கே!"

"பூராவுமா?"

"பூராவும்!"

எல்லாரும் கிணற்றைச் சுற்றி நின்று குனிந்து பார்த்தார்கள். கல்லடியில் கப்பித்தான் பளிச்சென்று தெரிந்தார். பக்கத்தில் துபாஷியும் தெரிந்தான்.

"ஊருக்குச் சொத்து வந்திருக்குடே!" என்றார் ஆண்டியப்பர். உடனே வேறு கயிறு வந்தது. அலுங்காமல் குலுங்காமல் இருவரையும் மேலே தூக்கினார்கள்.

அன்றைக்குப் பந்தியில் ஒருவர்கூடப் பசியோடு எழவில்லை. வெயிலுகந்தானுக்கு மனசு நிறைந்துபோயிற்று. மகளோடு மாப்பிள்ளை வீட்டுக்குச் சீர் புறப்பட்டது. முன்னால் குத்துவிளக்கு, அடுத்து நெல்மூட்டை, அதற்கடுத்து இறகு வைத்த தொப்பியோடு கப்பித்தான், மீன்கூடையைச் சுமந்துகொண்டு துபாஷி.

சம்பந்தியம்மாள் சீரை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். கப்பித்தானிடம் வந்ததும் நின்று, மேலும் கீழும் பார்த்தாள்.

"இவருக்கு மீன் ஆயத் தெரியுமா?" என்று கேட்டாள்.