மெகில்லோஸ் பார்த்த ஈரல்

கிரேக்க தேசத்து மலைச்சரிவில் மெலாந்தி என்று ஒரு சின்ன நகரம். அதை ஆண்டவன் பைலாஸ். வாளுக்கு அஞ்சமாட்டான், குறிக்கு அஞ்சுவான். அந்தக் காலத்துக் கிரேக்கர்கள் பலரும் அப்படித்தான். போருக்குப் புறப்படுமுன் ஆட்டுக்கிடாவைத் தலைமைக் கடவுள் ஜீயஸுக்குப் பலியிட்டு ஈரலைப் பார்ப்பார்கள். ஈரல் சரியாக இருந்தால் படை கிளம்பும். இல்லாவிட்டால் எதிரி வாசலில் வந்து நின்றாலும் கிளம்பாது.

எதிரி வாசலில்தான் வந்து நின்றான். பக்கத்து நாட்டு மன்னன் அல்கேதாஸ் மெலாந்தியை முற்றுகையிட்டு, மதிலுக்கு வெளியே இருந்த ஒலிவ மரங்களை வெட்டத் தொடங்கினான். பாட்டன் நட்டுப் பேரன் பறிக்கும் மரம் அது. ஒவ்வொரு கோடரி வெட்டுக்கும் மதில்மேல் நின்ற வீரர்கள் பல்லைக் கடித்தார்கள்.

உள்ளே குறிகாரர் மெகில்லோஸ் தினம் ஒரு கிடாவை அறுத்தார். ஈரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"ஜீயஸ் சம்மதிக்கவில்லை, மன்னா."

மன்னனின் ஆலோசகன் லாம்பிஸுக்கு விஷயம் புரிந்துவிட்டது. நல்ல குறி சொன்னால் குறிகாரர் மன்னனோடு முன்வரிசையில் நடக்க வேண்டும். கெட்ட குறி சொன்னால் வீட்டில் உட்கார்ந்து கிடாத்தொடையைச் சுவைக்கலாம். முற்றுகையில் ஊரே இளைத்தது. மெகில்லோஸுக்கு மட்டும் இடுப்புக் கச்சை எட்டவில்லை.

லாம்பிஸ் அதைச் சபையிலேயே சொன்னான். "ஜீயஸின் மனசும் இவர் வயிறும் எப்போதும் ஒன்றாகவே நினைக்கின்றன, மன்னா."

சபை சிரித்தது. மெகில்லோஸ் சிரிக்கவில்லை. மறுநாள் ஈரலை ஏந்திக்கொண்டு நேரே மன்னனிடம் வந்தார்.

"காரணம் தெரிந்துவிட்டது, மன்னா. சபையில் தெய்வத்தைப் பழிக்கிறவன் ஒருவன் இருக்கிறான். அவனை மதிலுக்கு வெளியே தள்ளுங்கள். ஜீயஸ் இரங்குவார்."

வெளியே தள்ளினால் அல்கேதாஸின் வாள்தான்.

மன்னன் லாம்பிஸின் முகத்தைப் பார்க்காமல் பேசினான். "நாளைய பலியில் நல்ல குறி வந்தால் நீ பிழைத்தாய், லாம்பிஸ். வராவிட்டால் எனக்கு வேறு வழியில்லை."

"ஆகட்டும், மன்னா. ஒரு சந்தேகம் மட்டும். ஈரல் யாருடைய விதியைச் சொல்கிறது?"

மெகில்லோஸ் ஏளனமாகப் பார்த்தார். "இதுகூடத் தெரியாதா? கிடாவைக் கொடுத்தவனுடைய விதியை."

"அப்படியானால் நாளைய கிடா என் பொறுப்பு."

"கொழுத்ததாகப் பார்த்துக் கொண்டு வா" என்றார் மெகில்லோஸ்.

லாம்பிஸ் மதில்மேல் ஏறி எதிரி மன்னனைக் கூப்பிட்டான்.

"அல்கேதாஸ் மன்னரே, எங்கள் மந்தை தீரப் போகிறது. பலி நின்றுபோனால் அந்தப் பாவம் முற்றுகையிட்ட உங்களுக்கும்தான். ஒரு கிடா கொடுங்கள்."

அல்கேதாஸும் தெய்வத்துக்கு அஞ்சுகிறவன். ஆனாலும் விவரமானவன். "உங்கள் குறி தினமும் என்ன சொல்கிறது?"

"வெளியே போகாதே என்கிறது."

அல்கேதாஸ் குலுங்கக் குலுங்கச் சிரித்தான். "ஒன்றென்ன, மந்தையே தருகிறேன்."

"ஒன்று போதும். உங்கள் கையாலேயே மாலை போட்டு, ஜீயஸுக்கு என்று சொல்லிக் கொடுங்கள்."

அப்படியே கொடுத்தான். காவலர்கள் கயிறு கட்டிக் கிடாவை மேலே இழுத்தார்கள்.

மறுநாள் காலை பலிபீடத்தின் முன் படை அணிவகுத்து நின்றது. ஈரலைப் பார்த்த மெகில்லோஸ் லாம்பிஸைப் பார்த்தார். குரலை உயர்த்தினார்.

"இந்தக் கிடாவைக் கொடுத்தவன் அழிவான். அவன் ஆட்கள் சிதறுவார்கள். அவன் எலும்பை நாய் இழுக்கும்."

"சந்தேகமே இல்லையா?" என்று பணிவாகக் கேட்டான் லாம்பிஸ்.

"மலை பெயர்ந்தாலும் இது பெயராது."

லாம்பிஸ் மதில் காவலர்களிடம் திரும்பினான். "கிடாவைக் கொடுத்தது யார்? மன்னரிடம் சொல்லுங்கள்."

"அல்கேதாஸ், மன்னா. தன் கையாலேயே மாலை போட்டுக் கொடுத்தான். நாங்கள் எல்லோரும் பார்த்தோம்."

படை முழுவதும் ஈட்டியால் கேடயத்தைத் தட்டி ஆர்ப்பரித்தது.

மெகில்லோஸ் அவசரமாக ஈரலை மறுபடி கையில் எடுத்தார். "ஈரலை இன்னொரு தரம் பார்த்துவிட்டு..."

"பெயராது என்றீரே" என்றான் மன்னன், தலைக்கவசத்தை மாட்டியபடி. "வாரும், முன்வரிசைக்கு."

வெளியே யாரும் வரமாட்டார்கள் என்ற தைரியத்தில் அல்கேதாஸின் படை கவசத்தைக் கழற்றிவைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. வெட்டிய ஒலிவ மரங்களுக்கு நடுவிலேயே அல்கேதாஸ் விழுந்தான். அவன் ஆட்கள் திசைக்கொருவராக ஓடினார்கள்.

வெற்றி விருந்தில் மன்னன் அல்கேதாஸின் வெள்ளிக் கோப்பையை லாம்பிஸுக்குப் பரிசளித்தான். அப்போது மெகில்லோஸ் கொஞ்சமும் கூசாமல் முன்னால் வந்தார்.

"சொன்னது அப்படியே பலித்தது, மன்னா. குறிகாரனுக்கு உரிய பங்கு?"

மன்னன் லாம்பிஸைப் பார்த்தான்.

"உரியதுதான், மன்னா. ஆனால் நாம் கொடுத்தால் முறையாகாது. பலி நடந்தது அல்கேதாஸின் பேரில். குறி சொன்னதும் அவனுக்கு. தட்சணையும் அவன்தானே தர வேண்டும்?"

"அவன் பாதாளத்துக்குப் போய்விட்டானே" என்று இழுத்தார் மெகில்லோஸ்.

"அவசரமில்லை, ஐயா. நீங்களும் ஒருநாள் அங்கேதான் போகப் போகிறீர்கள். அப்போது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்."