கொடுக்காமலே கொடுத்த பன்னிரண்டு நாற்காலிகள்

வெட்டுவான்குளத்தில் மூன்று அதிமேதாவிகள் இருக்கிறார்கள். மூன்று பேரும் ஒரே ஆபீஸில், ஒரே மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறார்கள். நடக்க முடியாதவர்களுக்குச் சக்கர நாற்காலி, காது கேட்காதவர்களுக்குக் காதுக் கருவி, கால் இழந்தவர்களுக்குச் செயற்கைக் கால் எல்லாம் கொடுக்கிற ஆபீஸ் அது. மாடியில் இருக்கிறது. லிஃப்ட் கிடையாது. சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது. ஆனால் மாடியில் வைத்ததற்கு இந்த மூவரைக் குறை சொல்ல முடியாது, அது இவர்களையும் மிஞ்சின எவனோ ஒரு மேதாவி செய்த வேலை. அதே கட்டடத்தில் கீழே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன் நான். தினம் பத்துத் தடவை அந்தப் படியேறுகிறேன், அதனால் நடந்தது எல்லாம் என் கண்ணால் பார்த்தது.

பெரியவர் கண்காணிப்பாளர் புண்ணியகோடி. அடுத்தவர் எழுத்தர் சற்குணம். மூன்றாமவர் கம்ப்யூட்டரில் விவரம் ஏற்றுகிற இருதயராஜ். சத்தியமாகச் சொல்கிறேன், மூவரும் லஞ்சம் வாங்காதவர்கள். வாங்கினாலாவது வேலை நடந்திருக்கும். மேலிடத்துக் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதை அப்படியே செய்வார்கள், அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரியும்.

ஒரு தடவை, ‘படிவத்தில் எந்தக் கட்டமும் காலியாக இருக்கக் கூடாது’ என்று சுற்றறிக்கை வந்தது. அந்த நேரம் பார்த்து மாடசாமி என்கிற கொத்தனார் காதுக் கருவி கேட்டு வந்து மாட்டிக்கொண்டார். படிவத்தில் ‘எந்தக் கால் இல்லை?’ என்று ஒரு கட்டம். அவருக்கோ இரண்டும் கல்லுமாதிரி இருக்கிறது. காலியாக விடக் கூடாதே! மூவரும் கூடி யோசித்து ‘இடது’ என்று எழுதினார்கள். இரண்டு மாதத்தில் அவருக்கு ஒரு செயற்கை இடது கால் வந்து சேர்ந்தது. மனிதர் சொந்தக் கால் இரண்டில் நடந்து, மூன்றாவதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிறங்கினார். காது இன்றைக்கும் கேட்காது.

போன மார்ச்சில் ஒரு புதன்கிழமை லாரியில் பன்னிரண்டு சக்கர நாற்காலிகள் வந்தன. ஒவ்வொன்றையும் மூச்சிரைக்க மாடிக்குத் தூக்கினார்கள். கூடவே ஒரு கடிதம்: ‘பன்னிரண்டும் வழங்கப்பட்ட விவரத்தை நாளை மாலை ஐந்து மணிக்குள் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். ஏற்றி முடிக்கும்வரை வேறு எந்த வேலையும் செய்யக் கூடாது. ஏற்றிய விவரத்தை மாற்றக் கூடாது.’

“சார், முதல்ல ஆளுங்களைக் கூப்பிட்டு நாற்காலியக் கொடுத்திருவோம். அப்புறமா ஏத்துவோம்” என்றார் சற்குணம். அவருக்கும் எப்போதாவது புத்தி எட்டிப் பார்க்கும்.

புண்ணியகோடி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “ஏன்வே, கொடுக்கிறது வேலையா, இல்லையா?”

“வேலைதான் சார்.”

“ஏத்தி முடிக்கிறவரைக்கும் வேற வேலை கூடாதுன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கானே, கண்ணு தெரியலையா?”

“அய்யய்யோ, ஆமா சார். பெரிய தப்புப் பண்ணப் பார்த்தேன்.”

வியாழக்கிழமை சாயங்காலம் நாலே முக்காலுக்கெல்லாம் இருதயராஜ் பன்னிரண்டு பெயரையும் ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் நேரே ‘வழங்கப்பட்டது’ என்று போட்டுவிட்டார். மாநிலத்திலேயே முதலில் முடித்த ஆபீஸ் என்று பாராட்டு வந்தது. மூவரும் போண்டா வாங்கித் தின்றார்கள். எனக்கும் ஒன்று கொடுத்தார்கள், நான் ஏன் பொய் சொல்ல வேண்டும்?

வெள்ளிக்கிழமை காலையில் தங்கபுஷ்பம் வந்தாள். பஸ் விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வு போய் ஆறு வருஷம் ஆகிறது அவளுக்கு. அக்கா புருஷன் செல்லப்பா ஆட்டோ ஓட்டுகிறவர். அவர்தான் அவளை முதுகில் சுமந்துகொண்டு முப்பத்திரண்டு படியும் ஏறினார். பக்கத்து ஊர் ஆஸ்பத்திரி ஒன்றில் அவளுக்குப் போன் எடுக்கிற வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சேர வேண்டும். சக்கர நாற்காலியில் தானாக வந்து போனால் வேலை, ஆள் தூக்கி வந்தால் வேறு ஆளை எடுத்துக்கொள்வோம் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். ஆறு வருஷத்தில் அவளைத் தேடி வந்த முதல் வேலை.

“சார், நாற்காலி வந்துட்டுன்னு சொன்னாங்க. என் பேரு லிஸ்ட்ல நாலாவதா இருக்கு” என்றாள்.

இருதயராஜ் தட்டிப் பார்த்தார். “உங்களுக்குத்தான் நேத்தே கொடுத்தாச்சேம்மா.”

“எனக்கா? நான் நேத்து வீட்டைவிட்டு வெளியவே வரலையே சார்!”

“வரலைன்னா என்ன? கொடுத்ததாப் பதிவாயிருக்கு. ஒருத்தருக்கு அஞ்சு வருஷத்துக்கு ஒரு நாற்காலிதான். இன்னொண்ணு கேக்கிறது தப்பும்மா.”

செல்லப்பா மூலையைக் காட்டினார். “அப்ப அந்தா பன்னெண்டு நாற்காலி நிக்கே, அது என்னது?”

மூவரும் திரும்பி நாற்காலிகளை வெகுநேரம் பார்த்தார்கள். புண்ணியகோடிக்கு முகம் வெளிறிவிட்டது.

“சற்குணம், நாமதான் பன்னெண்டையும் கொடுத்துட்டோமே. இது எங்கருந்துவே வந்துச்சு?”

“அதான் சார் எனக்கும் புரியல. கணக்குப்படி ஆபீஸ்ல ஒரு நாற்காலிகூட இல்ல.”

“இன்ஸ்பெக்சன் வந்தா என்ன சொல்லுவோம்? இல்லாத நாற்காலிய வச்சிருக்கோம்னு சஸ்பெண்ட் பண்ணிருவானே!”

மளமளவென்று ஒரு பெரிய படுதாவைக் கொண்டுவந்து அத்தனையையும் மூடினார்கள். போதாதென்று இருதயராஜ் ஓர் அட்டையில் ‘இங்கே எதுவும் இல்லை’ என்று எழுதிப் படுதாமேல் குத்திவைத்தார்.

செல்லப்பாவுக்கு வந்ததே கோபம்! “ஏ, நீங்கள்லாம் சோத்தைத்தான் திங்கீங்களா? படுதாவத் தூக்கி ஒண்ணை எடுத்துக் குடுங்கய்யா!”

“ஒருத்தருக்கு ரெண்டாவது கொடுக்கச் சொல்லி மேலிடத்துலருந்து கடிதம் கொண்டாங்க” என்றார் புண்ணியகோடி, ரொம்ப மரியாதையாக.

“சரி, கொடுத்ததாப் போட்டதையாவது அழிங்க சார்” என்றாள் தங்கபுஷ்பம்.

“ஏத்துனதை மாத்தக் கூடாதே” என்றார் இருதயராஜ்.

நானும் என் பங்குக்கு எடுத்துச் சொன்னேன். சுவரிடம் சொல்லியிருக்கலாம். தங்கபுஷ்பம் பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். அதைப் பார்த்துச் சற்குணமும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “நாற்காலி கிடைச்ச பிறகும் இப்படி அழுறாங்களே சார்” என்றார். அந்த நேரத்தில் அவரைத் தூக்கி ஜன்னல் வழியாகப் போட்டிருந்தாலும் பாவம் வந்திருக்காது.

சுவரில் ஒரு பலகை தொங்கிக்கொண்டிருந்தது. ‘வழங்கப்பட்ட உபகரணங்கள் பழுதானால் இங்கே சரிசெய்து தரப்படும்.’ அதைத் தங்கபுஷ்பம் இரண்டு தடவை படித்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“சார், நேத்து எனக்குக் கொடுத்தீங்களே நாற்காலி, அது பழுதாயிட்டு.”

மூன்று பேர் முகமும் மலர்ந்துவிட்டது. “அதை முதல்லயே சொல்லக் கூடாதாம்மா? எங்க இருக்கு?”

“அந்தப் படுதாவுக்கு அடியில.”

சற்குணம் ஓடிப்போய் ஒரு நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தார். குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார், உருட்டிப் பார்த்தார். “சார், இதுல ஒரு பழுதும் இல்லையே.”

“பழுது இல்லாம எப்படிவே சரிபண்ண முடியும்? படிவத்துல ‘என்ன பழுது’ன்னு கட்டம் இருக்கே” என்று புண்ணியகோடி கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

மூவரும் கால் மணி நேரம் கலந்து பேசினார்கள். பிறகு சற்குணம் ஸ்பானரை எடுத்து வலது பக்கத்துப் பெரிய சக்கரத்தைக் கழற்றிக் கீழே வைத்தார். நாற்காலி ஒருபக்கமாகச் சாய்ந்தது.

“இப்ப பழுதா?”

“இப்ப சுத்தமாப் பழுது சார்.”

‘வலது சக்கரம் இல்லை’ என்று எழுதிக்கொண்டார்கள். உடனே அதே ஸ்பானரால் அதே சக்கரத்தை மாட்டி, ‘சரிசெய்யப்பட்டது’ என்று எழுதி, அவளிடம் கையெழுத்து வாங்கினார்கள். புண்ணியகோடி, “இனிமேலாவது பாத்துப் பத்திரமா வச்சுக்கம்மா, அரசாங்கப் பொருள்” என்று புத்தியும் சொன்னார்.

செல்லப்பா முதலில் நாற்காலியை இறக்கினார், அப்புறம் அவளை இறக்கினார். என் கடை வாசலில் இருந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் அவள் யார் கையும் படாமல் தானே உருட்டிக்கொண்டு போனாள். திங்கட்கிழமை ஒன்பதுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே ஆஸ்பத்திரியில் போய் உட்கார்ந்துவிட்டாளாம்.

போன் எடுக்கிற வேலை அல்லவா? முதல் நாளே மதியச் சாப்பாட்டு நேரத்தில் லிஸ்டில் இருந்த மற்றப் பதினொரு பேருக்கும் போன் போட்டுவிட்டாள். செவ்வாய்க்கிழமை முதல் பதினொரு பேர் வந்து, “சார், என் நாற்காலி பழுதாயிட்டு” என்றார்கள். வீட்டு ஆட்கள் தூக்கி வந்தது பாதி, செல்லப்பா சுமந்து ஏற்றினது பாதி. சற்குணம் பதினொரு சக்கரத்தைக் கழற்றிப் பதினொரு சக்கரத்தை மாட்டினார். உள்ளங்கையெல்லாம் கொப்புளம். சனிக்கிழமை படுதா தரையோடு தட்டையாகக் கிடந்தது. அட்டையில் எழுதியிருந்தது அன்றைக்குத்தான் உண்மையானது.

மாதக் கடைசியில் அறிக்கை போயிற்று. வழங்கியது பன்னிரண்டு, பழுதானது பன்னிரண்டு, சரிசெய்தது பன்னிரண்டு. மேலிடத்தில் இருந்து கடுப்பாக ஒரு கடிதம் வந்தது: ‘அத்தனையும் ஒரே வாரத்தில் பழுதாகக் காரணம் என்ன? இனி இப்படி நேராமல் இருக்கத் தங்கள் ஆலோசனை என்ன?’

மூவரும் கதவைச் சாத்திக்கொண்டு விவாதித்தார்கள். ஜெராக்ஸ் காகிதம் கொடுக்கப் போன நானும் உள்ளே மாட்டிக்கொண்டேன்.

“பழுதுக்குக் காரணம் என்ன?” என்றார் புண்ணியகோடி.

“நான் சக்கரத்தைக் கழட்டுனது சார்.”

“ஏன் கழட்டுனீர்?”

“பழுது இல்லாம வந்துச்சே சார், அதனாலதான்.”

“அப்ப தப்பு அனுப்புனவன் மேல” என்றார் இருதயராஜ். மூவருக்கும் பெரிய பாரம் இறங்கினமாதிரி இருந்தது.

உடனே பதில் எழுதினார்கள். ‘நாற்காலிகள் நல்ல நிலையில் வந்து சேர்வதால் அவற்றைப் பழுதாக்குவதில் அலுவலக நேரம் வீணாகிறது. ஆகவே இனி வலது சக்கரம் இல்லாமலே அனுப்பிவைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.’ மூன்று பிரதி நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

மேலிடம் இதைப் படித்ததும் மூவரையும் வீட்டுக்கு அனுப்பிவிடும் என்று நான் நம்பினேன். நான் ஒரு மடையன். நாலாம் நாளே பதில் வந்தது: ‘தங்கள் ஆலோசனை மிகவும் பாராட்டத்தக்கது. ஒரு மாவட்டத்துக்கு மட்டும் என்று இல்லாமல் மாநிலம் முழுவதும் அமலுக்கு வருகிறது. இரண்டு சக்கரங்களையும் சமமாக நடத்த வேண்டியிருப்பதால் இடது சக்கரமும் நிறுத்தப்படுகிறது.’