கூட்டுக்காவலை விட்டுப் போகிறேன் என்ற அரசன்

மலைக்கும் கடலுக்கும் நடுவே வண்டித்தடம்கூட விழாத காலத்தில் நடந்த கதை இது. கொட்டாவி விடாமல் கேளுங்கள்.

அந்தக் காலத்தில் மூன்று சின்ன நாடுகள் இருந்தன. மலைமேல் கூர்மலை. ஆற்றோரம் ஆற்றுப்புறம். கடலோரம் உப்பங்கரை. சின்ன நாடு என்றால் எவ்வளவு சின்னது? அரண்மனையில் ராஜா தும்மினால் எல்லையில் மாடு மேய்க்கிறவன் ‘நூறு வயசு’ என்று வாழ்த்துவான். அவ்வளவுதான் நாடு.

மூன்றுக்கும் பக்கத்தில் ஒரு பெரிய பொட்டல் காடு. அங்கே குதிரைக் கொள்ளையர்கள் இருந்தார்கள். வந்தால் நெல்லை அள்ளுவார்கள், மாட்டை ஓட்டுவார்கள், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டுபோய்த் தூர தேசத்தில் விற்றுவிடுவார்கள். பாவிகள்!

அவர்களுக்குப் பயந்து மூன்று நாட்டுப் பெரியவர்களும் முன்னொரு காலத்தில் கூட்டுக்காவல் என்று ஓர் ஏற்பாடு செய்தார்கள். அதில்தான் வேடிக்கை. கூர்மலைக் கோட்டை வாசலை உப்பங்கரை வீரர்கள் காப்பார்கள். உப்பங்கரை வாசலை ஆற்றுப்புறத்து வீரர்கள் காப்பார்கள். ஆற்றுப்புறத்து வாசலைக் கூர்மலை வீரர்கள் காப்பார்கள். எவனும் தன் ஊர் வாசலில் நிற்கக் கூடாது!

பொழுது சாயும்போது கூர்மலை வாசலில் முரசு ஒலிக்கும். அதைக் கேட்டு ஆற்றுப்புறத்து முரசு பதில் சொல்லும். அதைக் கேட்டு உப்பங்கரை முரசு பதில் சொல்லும். மூன்று முரசுக்கும் ஒரே அர்த்தம்தான்: ‘வாசலில் ஆள் இருக்கிறது, நிம்மதியாகச் சாப்பிடுங்கள்.’

கூர்மலைக் கோட்டை வாசலில் வேகவைத்த வள்ளிக்கிழங்கு விற்றுக்கொண்டிருந்தாள் தத்தை என்று ஒருத்தி. அவள் புருஷன் காடன் ஆற்றுப்புறத்து வாசலில் காவல் நின்றான். அறுவடைக்கு ஒரு தரம்தான் வீட்டுக்கு வருவான். அவர்களுடைய குட்டி மகள் சிட்டு, போன தடவை அப்பாவைப் பார்த்து யாரோ என்று பயந்து கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அன்றைக்குத் தத்தை அழுத அழுகை இருக்கிறதே, அதைச் சொல்லி முடியாது.

தத்தைக்கு ஒரு வியாதி உண்டு. ஒரு காரியம் ஏன் என்று தெரியாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

கூர்மலையை ஆண்டவன் செங்கோடன். மூன்று அரசர்களில் இவனுக்குத்தான் செல்வம் அதிகம், படை அதிகம், குரலும் அதிகம். ஒருநாள் சபையில் எழுந்து நின்றான்.

“நாம் நிறைய ஆட்களை அனுப்புகிறோம். உப்பங்கரைக்காரன் கொஞ்சம் பேரைத்தான் அனுப்புகிறான். இப்படியே போனால் நான் கூட்டுக்காவலை விட்டுப் போய்விடுவேன்!”

அவன் சொன்னதில் கால்பங்கு நியாயம் இருந்தது, அதை மறைப்பானேன். உப்பங்கரை அரசன் கொஞ்சம் கையிறுக்கம்தான். ஆனால் மிரட்டல் காதில் விழுந்ததும் பதறிப்போய்க் கூடை கூடையாகக் கருவாடு அனுப்பிவைத்தான்.

செங்கோடனுக்கு ருசி கண்டுவிட்டது. அடுத்த மாதம் தூதுவர்கள் முன்னால் இரண்டாம் முறை சொன்னான். ஆற்றுப்புறத்து அரசன் நெல் அனுப்பினான். அடடா, வாயைத் திறந்தால் வண்டி வண்டியாக வருகிறதே! அதற்கடுத்த மாதம் திருவிழாக் கூட்டத்தில், மேளத்தை நிறுத்தி, ஊரே கேட்க மூன்றாம் முறை சொன்னான்: “வருகிற பௌர்ணமிக்குள் இரண்டு பேரும் இருமடங்கு ஆட்களை அனுப்பவேண்டும். இல்லையென்றால் போகிறேன். போயே விடுகிறேன்!”

பிறகு கேட்கவேண்டுமா? ஊர் மூன்றாகப் பிளந்தது.

“போகட்டும், நம் பிள்ளைகள் நம் வாசலில் நிற்கட்டும்” என்றது ஒரு கட்சி. “போகவே கூடாது, தனியாக நின்றால் கொள்ளைக்காரன் தின்றுவிடுவான்” என்றது இன்னொரு கட்சி. “அட போங்கப்பா, ராஜா சும்மா மிரட்டுகிறார்” என்றது மூன்றாவது கட்சி. சந்தையில் தராசைத் தூக்கினவன் நிறுக்க மறந்து பேசினான். நாவிதர் ஒரு பக்கக் கன்னத்தை வழித்துவிட்டு மறுபக்கத்துக்குப் போகாமல் வாதாடினார். குளத்தங்கரையில் இரண்டு சம்பந்திகள் பேச்சை முறித்துக்கொண்டார்கள்.

தத்தை முதல் கட்சி. “எனக்கு என் புருஷன் வேணும். என் பிள்ளைக்கு அப்பன் முகம் தெரியணும். ராஜா சொல்றது சரிதான்” என்று கிழங்கைத் தட்டில் வைத்தபடியே முழங்கினாள்.

ஆனால் அந்த வியாதி சும்மா இருக்குமா? காவல் என்றால் காவல்தானே, அவரவர் வாசலை அவரவரே காத்தால் என்ன? பெரியவர்கள் ஏன் இப்படித் தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டார்கள்?

அமைச்சர் பல்லக்கில் போகும்போது நிறுத்திக் கேட்டாள். “முன்னோர் வகுத்தது, தாயே. வகுத்ததை ஏன் என்று கேட்கலாகாது” என்று திரையை இழுத்துக்கொண்டார்.

கிழங்கு வாங்க வந்த படைத்தலைவரைக் கேட்டாள். “பிணையம்மா, பிணை. நம் ஆள் அங்கே, அவர்கள் ஆள் இங்கே. யாரும் யாரையும் ஏமாற்ற முடியாது” என்றார். அதில் பாதி சரியென்று அவளுக்குப் பட்டது. ஆனால் பிணைக்கு நாலு பேர் போதுமே, ஊர் வாசலையே தூக்கி யாராவது கொடுப்பார்களா?

கடைசியில் வாசலில் நின்ற காவல் தலைவனைக் கேட்டாள். அவன் பெயர் சங்கன், உப்பங்கரைக்காரன். கறுத்த, நெட்டையான ஆள்.

“எனக்குத் தெரியாது தங்கச்சி” என்றான் சங்கன்.

அவன் காலடியில் ஒரு துணிமூட்டை இருந்தது. அவனுக்குப் பக்கத்தில் நின்றவன் காலடியிலும் ஒன்று. வாசலில் நின்ற அத்தனை பேர் காலடியிலும் மூட்டை!

“இதென்ன அண்ணே, திருவிழாவுக்கா?”

“உங்க ராஜா போறேன்னு சொல்றாரே. போன்னு சொன்னா நாங்க உடனே நடக்கணுமில்ல? என் ஊர் வாசல்ல இப்போ ஆற்றுப்புறத்தான் நிக்கிறானா, அவனும் மூட்டையைக் கட்டிட்டானா, ஒண்ணும் தெரியல. என் தாய் தனியா இருக்கா.”

அன்றிலிருந்து தத்தை முரசைக் காது கொடுத்துக் கேட்கத் தொடங்கினாள். முன்பெல்லாம் கூர்மலை முரசு ஓய்வதற்குள் ஆற்றுப்புறத்து முரசு எழும்பிவிடும். இப்போது ஒரு வெற்றிலையை மடித்து வாயில் போடும் நேரம் கழித்துத்தான் வந்தது. மறுநாள் இன்னும் தாமதம். அங்கே முரசடிப்பது அவள் புருஷன் கை. அந்தக் கை எதை யோசித்துத் தயங்குகிறது?

பௌர்ணமிக்கு முன்னால், ஒரு சாயங்காலம், பொட்டல் பக்கம் புழுதி கிளம்பியது.

ஊரே கூவிய கூச்சல் பொட்டலுக்குக் கேட்காமலா இருக்கும்? கொள்ளையர்கள் குதிரைக்குச் சேணம் போட்டுக்கொண்டுதான் காத்திருந்தார்கள்.

“வர்றானுங்க!” என்று யாரோ அலறினார்கள். சந்தை சிதறியது. அரண்மனைக் காவலர்கள் வாசலுக்கு ஓடி வருவார்கள் என்று பார்த்தால், அவனவன் தன் தெருவுக்கு ஓடினான். ஒருவன் மனைவியைத் தேடி ஓடினான், ஒருவன் கிழத்தாயைத் தேடி ஓடினான், ஒருவன் எருமையை அவிழ்க்க ஓடினான். குற்றம் சொல்ல முடியுமா? வீடு அங்கேயே இருக்கும்போது கால் அங்கேதான் போகும்.

தத்தையும் சிட்டுவை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடத்தான் திரும்பினாள். திரும்பினவள் அப்படியே நின்றாள்.

வாசலில் இன்னும் சிலர் நின்றார்கள். யார் அவர்கள்? இந்த ஊருக்குள் வீடில்லாதவர்கள். ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்க இங்கே ஒருவரும் இல்லாதவர்கள். அதனால்தான் அவர்களால் வெளியே பார்த்து நிற்க முடிந்தது. அம்மாடி! பெரியவர்கள் இதற்காகத்தானா இப்படிச் செய்தார்கள்!

ஆனால் அவர்களும் புழுதியைப் பார்க்கவில்லை. கடல் இருக்கும் திசையைப் பார்த்தார்கள். ஒவ்வொருவனும் குனிந்து மூட்டையைத் தொட்டான். பொழுது சாய்ந்துவிட்டது, முரசு ஒலிக்கவில்லை.

செங்கோடன் மூச்சிரைக்க ஓடிவந்தான். “என்ன பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள்? முரசை அடியுங்கள்!”

“எந்த முரசு, ராஜா?” என்றான் சங்கன். கேலியில்லை, நிஜமாகவே கேட்டான். “கூட்டுக்காவல் முரசா? அது இன்னும் இருக்கா?”

தத்தை அரசன் எதிரே வந்து நின்றாள். இடுப்பில் சிட்டு நடுங்கிக்கொண்டிருந்தாள்.

“ராஜா, போறீங்களா, இருக்கீங்களா? ஒரே ஒரு சொல் சொல்லுங்க. இவங்க இங்க நிக்கணும்னா இவங்க ஊர் வாசல்ல ஆற்றுப்புறத்தான் நிக்கணும். அவன் நிக்கணும்னா அவன் ஊர் வாசல்ல என் புருஷன் நிக்கணும். என் புருஷன் நிக்கணும்னா இந்த முரசு கேக்கணும்.”

“நான் எங்கே போகப்போகிறேன்?” என்றான் அரசன். “சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.”

“எங்ககிட்ட அதைச் சொல்லலியே, ராஜா” என்றாள் தத்தை.

ஓடியவர்களில் பலர் நின்று பார்த்தார்கள். ஊர் முன்னால் பெரிய வாயால் சொன்னதை அதே ஊர் முன்னால் விழுங்குவது லேசான காரியமில்லை. செங்கோடன் முகம் சுண்டிப்போயிற்று. ஆனாலும், சும்மா சொல்லக்கூடாது, விழுங்கினான்.

“நான் போகமாட்டேன்!” என்று கத்தினான். “என் ஆட்கள் நிற்பார்கள். நான் சொன்னது தப்பு!”

சங்கன் அவன் முகத்தையே பார்த்தான். பிறகு மூட்டையைக் காலால் தள்ளிவிட்டு முரசை அடித்தான்.

பதில் இல்லை.

இரண்டாம் முறை அடித்தான். பதில் இல்லை.

மூன்றாம் முறை, கை வலிக்க வலிக்க அடித்தான். நெடுநேரம் கழித்து, ஆற்றுப்பக்கம் இருந்து வந்தது பதில். அதற்குப் பின்னால், காற்றோடு காற்றாக, கடல் பக்கம் இருந்தும் வந்தது. உப்பங்கரை வீரர்கள் அழுதுகொண்டே ஈட்டியைத் தூக்கினார்கள். வாசலில் ஆள் நிற்பதைக் கண்ட கொள்ளையர்கள் மலையேறாமல் குதிரையைத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

கூர்மலையில் ஆனந்தக் கூத்து. அப்பாடா என்று நீங்களும் எழுந்துவிடாதீர்கள், கதை முடியவில்லை.

மறுநாள் காடன் வந்தான். சிட்டு இந்த முறை ஒளியவில்லை, தானாகவே போய் மடியில் ஏறினாள். அவன் அவளைத் தொடவில்லை.

“உங்க முரசு கேக்கல” என்றான். “வாசல்ல ஒருத்தரும் இல்ல, உங்களையெல்லாம் வாரிட்டுப் போயிட்டாங்கன்னு நினைச்சேன். எல்லாரும் ஓடி வந்தோம். பாதி வழியில முரசு கேட்டுச்சு. திரும்பி ஓடினோம். போய் அடிச்சேன். ஆனா நாங்க திரும்பிப் போய்ச் சேர்றதுக்குள்ள இன்னொரு கும்பல் ஆற்றுப்புறத்துக் கீழத்தெருவுல புகுந்துட்டுப் போயிடுச்சு. பிள்ளைங்களைத் தூக்கிட்டாங்க, தத்தே. ஒண்ணு நம்ம சிட்டு வயசு. தினம் எனக்குத் தண்ணி கொண்டுவரும்.”

மூன்று நாட்டுப் படையும் சேர்ந்து பொட்டலுக்குள் போனது. செங்கோடன்தான் முன்னால் போனான், அதையும் சொல்லத்தான் வேண்டும். பிள்ளைகளை மீட்டுக்கொண்டு வந்தார்கள், காடனுக்குத் தண்ணீர் கொண்டுவந்த அந்த ஒரு பெண்பிள்ளையைத் தவிர. அவளை அதற்குள் எங்கேயோ விற்றுவிட்டிருந்தார்கள்.

அரசன் அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போனான். காடனும் தத்தையும் கூடவே போனார்கள். தாய் எழுந்து நின்றாள். அவள் திட்டவில்லை, மண்ணை வாரி இறைக்கவில்லை.

“ராஜா, நிஜமாவே எங்களை விட்டுப் போக நினைச்சீங்களா?” என்று கேட்டாள்.

“இல்லை, அம்மா. ஒருநாளும் நினைக்கவில்லை.”

“அப்புறம் ஏன் சொன்னீங்க?”

கருவாட்டுக் கூடைக்காக என்றா சொல்வான்? ஊரையே ஏன் ஏன் என்று கேட்டுத் துளைத்த தத்தைக்கு, அந்த ஏனைக் கேட்டதும் நிற்க முடியவில்லை. அவள் போய் அந்தத் தாயைக் கட்டிக்கொண்டாள். செங்கோடன் தலை குனிந்தபடியே வெளியே வந்தான். அதற்குப் பிறகு உப்பங்கரையிடம் ஆள் கேட்கவேண்டி வந்தபோதெல்லாம் நேரில் போய் உட்கார்ந்துதான் கேட்டான், கேட்டதில் பாதிக்கு மேல் கிடைக்கவும் செய்தது.

பெரியவர்களே, பிள்ளைகளே, இதை மனசில் வையுங்கள்: சேர்ந்து காக்கிறவர்களில் ஒருவன் போகிறேன் என்று வாயால் சொன்ன அன்றே காவல் பாதி போய்விடுகிறது, ஆகையால் போக எண்ணாதவன் மிரட்டலுக்காகக்கூட அந்தச் சொல்லை எடுக்கக் கூடாது.