அந்துவன் நின்ற இடம்

அந்தக் காலத்தில், மனிதருக்கும் நாய்க்கும் பாம்புக்கும் ஒரே பேச்சு இருந்த காலத்தில், சூரியன் தானாக உதிப்பதில்லை. கூப்பிட்டால்தான் வருவான்.

முதலில் எல்லா உயிர்களும் கிழக்கே பார்த்துக் கத்திக்கொண்டிருந்தன. குதிரை கனைத்தது, நாய் குரைத்தது, பாம்பு சீறியது, மலைகூடத் தன் பங்குக்கு நாலு கல்லை உருட்டிவிட்டது. இந்தக் கூச்சலில் சூரியனுக்குத் தலைவலி வந்ததுதான் மிச்சம்.

"உலகத்துக்கு வலப்பக்கம் ஒண்ணு, இடப்பக்கம் ஒண்ணு. பக்கத்துக்கு ஒருத்தர் நின்னு சத்தம் போடாம கூப்பிடுங்க. ரெண்டு பக்கமும் கூப்பிட்டா முழுசா வர்றேன்" என்று சொல்லிவிட்டான்.

யாரை நிறுத்துவது? குதிரைக்குக் காலை நீட்டி வைக்கத் தெரியும். பாம்புக்குப் படுத்தபடி தலையைத் தூக்கத் தெரியும். மலைக்கு முதுகை உயர்த்தத் தெரியும். மனிதனிடம்தான் சொந்தமாக ஒன்றும் இல்லை. சொந்தமாக ஒன்றும் இல்லாதவன் எல்லோரிடமும் இரவல் வாங்கிக்கொள்வான் அல்லவா? அதனால் மனிதரையே நிறுத்தலாம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். கீழைக் கடற்கரையில் மீன் பிடித்துப் பிழைத்துக்கொண்டிருந்த அந்துவனும் அவன் மனைவி வெண்ணியும் அந்த வேலையை ஏற்றுக்கொண்டார்கள்.

விடியும் முன் இருவரும் வெறும் வயிற்றோடு மணல்மேட்டில் ஏறுவார்கள். அந்துவன் வலப்பக்கம், வெண்ணி இடப்பக்கம். கை கூப்புவார்கள். கைகளை மேலே தூக்கி வளைவார்கள். குனிந்து மண்ணைத் தொடுவார்கள். பிறகு அவன் வலது காலைப் பின்னால் வைப்பான், அவள் இடது காலை வைப்பாள். கிடந்து வணங்கி, பாம்பாய்த் தலை தூக்கி, மலையாய் முதுகு உயர்த்தி, போன வழியே திரும்பி எழுந்து நிற்கும்போது சூரியன் கடலுக்கு மேலே வந்திருப்பான். "சாப்பிட்டீங்களா?" என்று அவன் கேட்பான். "இனிமேதான்" என்று இருவரும் சொல்வார்கள். தினமும் இதே கேள்வி, இதே பதில். யாருக்கும் சலிக்கவில்லை.

அந்தக் கரையில் ஒரு வழக்கம் இருந்தது. வலை இழுக்கும் வரிசையில் ஒருவர் நிற்கும் இடத்தில், அவர் உயிரோடு இருக்கும்வரை வேறு மனிதர் நிற்கக் கூடாது. அவர் இறந்த பதினாறாம் நாள் அவருடைய நெருங்கிய சொந்தம் அந்த இடத்தில் போய் நிற்பார். அவரை வழியனுப்பியாயிற்று, இனி காத்திருக்க வேண்டாம் என்று அதற்குப் பொருள். மணல்மேட்டுக்கும் அதே வழக்கம்தான்.

இப்படி இருக்கையில் அந்துவனுக்கு ஓர் ஆசை பிடித்துக்கொண்டது.

"தினம் கூப்பிடுறோம், வர்றான். எங்கேருந்து வர்றான்னு ஒரு நாளாவது பார்க்க வேணாமா? மூணே நாள், வெண்ணி. அவன் எந்திரிக்கிற எடத்தைப் பார்த்துட்டு ஓடியாந்துடுறேன்."

"கடல்ல யாரு மச்சான் ஓடுவா?"

"கோவிச்சுக்காத புள்ள."

"என் பக்கத்தை நான் பார்த்துக்குவேன். உங்க பக்கத்தை யாரு பார்ப்பா?"

"மனுசந்தானே என் எடத்துல நிக்கக் கூடாது? கொக்குகிட்ட சொல்லி வச்சிருக்கேன். நான் வர்ற வரைக்கும் அது நிக்கும்."

"நல்ல ஆளாப் பார்த்துப் பிடிச்சீங்க, போங்க!"

உண்மையில் அவளுக்குச் சொல்ல வேண்டியிருந்தது வேறு. அவன் இல்லாத வீட்டில் மூன்று நாள் என்பது அவளுக்கு மூன்று நாளாக இருக்காது. அதைச் சொல்ல ரோஷம் விடவில்லை. அவன் கட்டுமரத்தைத் தண்ணீரில் தள்ளும்போது அவள் அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் கொக்கு வந்து அந்துவன் இடத்தில் நின்றது. தலையை ஆட்டியது, கழுத்தை வளைத்தது. காலைப் பின்னால் வைக்க வேண்டிய நேரம் வந்தபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. பிறந்ததிலிருந்து ஒரு காலை மடித்தே வைத்திருக்கும் கொக்கு, எந்தக் காலைப் பின்னால் வைக்கும்? தடுமாறி மணலில் குப்புற விழுந்தது. "எனக்கு மீன் வேலை கிடக்குது" என்று சொல்லிப் பறந்துவிட்டது.

சூரியன் நெற்றியை மட்டும் காட்டினான். அதற்கு மேல் வரவில்லை, கீழேயும் போகவில்லை. சாம்பல் நிறத்தில் ஒரு வெளிச்சம், அவ்வளவுதான். பகலும் இல்லை, இரவும் இல்லை. நாளைக் கணக்கிட எதுவும் இல்லாமல், பசி எத்தனை முறை வந்தது என்று வைத்து வெண்ணி எண்ணினாள். மூன்று நாள் ஆயிற்று. ஆறு ஆயிற்று. பத்தையும் தாண்டியது.

காயப்போட்ட மீன் காயாமல் நாறியது. நெல் பால் பிடித்ததோடு நின்றுவிட்டது. ஒரு நாள் நாயும் பாம்பும் சேர்ந்து அவளிடம் வந்தன. இவை இரண்டும் சேர்ந்து வருவதென்றால் நிலைமை எவ்வளவு மோசம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

"அக்கா, என் குட்டிங்க குளிர்ல நடுங்குதுங்க" என்றது நாய். "நீயே அவர் எடத்துலயும் நின்னு கூப்பிடேன்."

"நிக்க மாட்டேன்."

"என் ரத்தம் உறைஞ்சு போச்சு தாயி. புத்துலேருந்து இங்க வர்றதுக்கே உயிர் போயிடுச்சு" என்றது பாம்பு. "இன்னும் எத்தனை காலம் இப்படியே இருக்கிறது?"

"அவர் எடத்துல நான் நின்னா என்ன அர்த்தம்? அவர் வர மாட்டாருன்னு என் வாயாலயே சொன்ன மாதிரி ஆயிடாதா? உலகமே இருட்டிப் போனாலும் அதை நான் செய்ய மாட்டேன்."

அவள் அழுதாள். நாயும் பாம்பும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பிப் போயின. வெண்ணி வழக்கம்போல அவனுக்கும் சேர்த்துக் கஞ்சி காய்ச்சினாள். முதலில் அவன் சட்டியில் ஊற்றினாள், பிறகு தன் சட்டியில். அவன் சட்டி ஆறும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அப்போது கடலிலிருந்து ஓர் ஆமை கரையேறியது. வெண்ணி ஓடிப்போய் அதன் முன்னால் உட்கார்ந்தாள்.

"அவரைப் பார்த்தியா?"

"யாரையும் பார்க்கல மகளே. பார்க்க வெளிச்சம் எங்க இருக்கு? வானமும் தண்ணியும் ஒரே நெறம். கரை எந்தப் பக்கம்னே தெரியல. முட்டை போட வந்த நானே ஏழெட்டுத் தடவை சுத்திச் சுத்தி, மண்ணு வாசனையை வச்சு வந்து சேர்ந்தேன். கட்டுமரம் ஓட்டிப் போன மனுசனுக்கு அந்த மூக்கும் கிடையாது. அங்க யாராவது இருந்தா சுத்திக்கிட்டுத்தான் இருப்பாங்க."

வெண்ணி மணல்மேட்டைத் திரும்பிப் பார்த்தாள். அவன் வருவான் என்று நம்பித்தான் அவன் இடத்தைக் காலியாக வைத்திருக்கிறாள். காலியாக இருப்பதால்தான் அவனுக்கு வழி தெரியவில்லை. நின்றால் அவனை வழியனுப்புவதாகும். நிற்காவிட்டால் அவன் வழியையே அடைப்பதாகும்.

எழுந்தாள். மணல்மேட்டில் ஏறினாள். அந்துவன் நின்ற இடத்துக்குப் போவதற்கு முன்னால், கடலுக்கும் கரைக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னாள்:

"எல்லாரும் கேட்டுக்குங்க! நான் இவரை வழியனுப்ப நிக்கல. இவருக்குப் பதிலா நிக்கிறேன். வந்த அன்னைக்கு எடத்தை விட்டுடுவேன்!"

அவன் நின்ற இடத்தில் நின்றாள். கை கூப்பி, வளைந்து, குனிந்து, அவன் வைப்பதுபோல வலது காலைப் பின்னால் வைத்தாள். உடம்பு அந்தப் பக்கத்துக்குப் பழகவில்லை, சாய்ந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்து வணங்கினாள். பாம்பாய்த் தலை தூக்கியபோது கண்ணீரில் கிழக்கு தெரியவில்லை. முடித்து எழுந்தாள். பிறகு இடப்பக்கம் வந்து, இடது காலைப் பின்வைத்து, தன் பங்கையும் செய்தாள். சோறு போட்டாலும் அவனுக்குத்தானே முதலில் போடுவாள்.

சூரியன் மேலே வந்தான். முழுதாக வந்தான். வெண்ணியைப் பார்த்தான், பக்கத்தில் ஆள் இல்லாததைப் பார்த்தான். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்க வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டான்.

"அவரைப் பார்த்தீங்களா சாமி?" என்றாள் வெண்ணி. "உங்களைப் பார்க்கத்தான் வந்தாரு."

சூரியனின் முகம் சிவந்தது. "இங்கேருந்து தெரியல, வெண்ணி. கடல் பெரிசு. மேல போகப் போகத்தான் தெரியும். உச்சிக்குப் போய் நாலு பக்கமும் பார்க்கிறேன். அவனைக் கண்டாத்தான் இனிமே வாயைத் தொறப்பேன், ஒன்கிட்டதான் மொதல்ல பேசுவேன்."

அவன் ஏறினான். அவள் நெற்றியில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றாள். உச்சிக்குப் போனான், இறங்கினான், மேற்கு மலைகளுக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தான். ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாளும் அவள் இருவருக்காகவும் கூப்பிட்டாள். மறுபடி தேடட்டும் என்று கூப்பிட்டாள். சூரியன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். கண்டால்தான் பேசுவதென்று, மறுபடி வாயைத் திறக்கவே இல்லை. ஒவ்வொரு நாளும் மேலே ஏறி, கடல் முழுவதையும் பார்த்துவிட்டு, பேசாமல் இறங்கினான். நெல் விளைந்தது, மீன் காய்ந்தது, நாய்க்குட்டிகள் வெயிலில் புரண்டன. வெண்ணியின் தலை நரைத்தது. ஒரு நாள்கூட அவள் அந்துவன் பங்கை விட்டதில்லை.

அக்கம்பக்கத்தார் முதலில் வேடிக்கை பார்த்தார்கள். பிறகு ஒருவர் பின் ஒருவராக மணல்மேட்டில் ஏறி அவளோடு வணங்கத் தொடங்கினார்கள். கட்டிக்கொடுத்த மகளை நினைத்து ஒருத்தி, மலைக்குப் போய்த் திரும்பாத அண்ணனை நினைத்து ஒருவன். யாருக்குத்தான் தூரத்தில் ஒருவர் இல்லை?

அன்று முதல்தான், சூரிய நமஸ்காரம் செய்பவர்கள் வலது காலைப் பின்வைத்து ஒரு முறை வணங்கி, அதோடு எழுந்து போய்விடாமல், இடது காலைப் பின்வைத்து இன்னொரு முறையும் வணங்குகிறார்கள். முதலாவது இன்னும் வந்து சேராதவருக்காக. இரண்டாவது காத்திருப்பவருக்காக.