"வரேன்" என்று சொன்ன கீரி

ஒரு காட்டில் ஒரு கீரி இருந்தான் என்று ஆரம்பித்தால் போதும், "பாம்பு எங்கே?" என்று உடனே கேட்பீர்கள். பாம்பும் வரும், கொஞ்சம் பொறுங்கள். ஆனால் இந்தக் கதையில் கீரியை அழவைத்தது பாம்பு இல்லை. நீங்களும் நானும் தினமும் வாசற்படியில் நின்று சொல்கிற ஒரு சின்னச் சொல்தான் அவனை அழவைத்தது.

அந்தக் கீரியின் பெயர் கூர்மூக்கன். அவன் மனைவி தும்பை. வேலமரத்தடியில் கறையான் கைவிட்ட பழைய புற்று ஒன்றைத் தோண்டிப் பெரிதாக்கி இருவரும் குடியிருந்தார்கள். அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. ஓணான் கிடைக்கவில்லை, வெட்டுக்கிளி கிடைக்கவில்லை, தவளைச் சத்தம் கேட்டே பல நாள் ஆயிற்று. இந்த லட்சணத்தில் தும்பைக்கு ஒரு பெண்குட்டி வேறு பிறந்தது. இத்தனூண்டு இருந்ததால் பொடிசு என்று பெயர் வைத்தார்கள்.

"உனக்குப் பால் சுரக்கணும்னா நீ சாப்பிடணும். நீ சாப்பிடணும்னா நான் எதையாவது கொண்டுவரணும். இந்தக் கட்டாந்தரையில எதைக் கொண்டுவர?" என்று கூர்மூக்கன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

அப்போது பார்த்து வந்து சேர்ந்தான் நரி. அந்தக் காட்டில் யாருக்கு ஆள் வேண்டும் என்றாலும் பிடித்துக் கொடுப்பவன் அவன்தான். நாக்கில் தேன் தடவிக்கொண்டு பேசுவான்.

"கூர்மூக்கா, உனக்குன்னே ஒரு வேலை வந்திருக்குப்பா. மான் மந்தை இருக்கே, கொம்பையா தலைவரா இருக்கிற மந்தை, அவங்க மேயப் போற இடமெல்லாம் புல்லுக்குள்ள கண்ணாடி விரியன் படுத்துக்கிடக்குது. முன்னால நடந்து பாம்பைப் பார்த்துச் சொல்ல ஒரு கீரி வேணுமாம். வேலைன்னு பார்த்தா ஒண்ணுமே இல்லை. நடக்கணும், அவ்வளவுதான்."

"கூலி என்ன அண்ணே?" என்று கேட்டான் கூர்மூக்கன்.

"ஒரு சுற்று சுற்றி வந்தா ஒரு சுரைக்குடுக்கை நிறைய காடை முட்டை."

பெரிய கூலி என்று சொல்ல முடியாது. ஆனால் பட்டினி கிடக்கிறவனுக்கு அது விருந்து மாதிரி தெரிந்தது. கூர்மூக்கன் சரி என்று தலையை ஆட்டிவிட்டான். கூலி என்ன என்று கேட்டானே ஒழிய, அந்தச் சுற்று எவ்வளவு தூரம் என்று கேட்கவில்லை. நரியும் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் காலையில் கிளம்பும்போது, "சரி தும்பை, நான் போறேன்," என்றான்.

தும்பை பாய்ந்து வந்து அவன் வாயைப் பொத்தினாள். "ஐயையோ! வேலைக்குக் கிளம்பும்போது போறேன்னு சொல்வாங்களா? வரேன்னு சொல்லுங்க."

"சரி, வரேன். போதுமா?"

"இப்ப சரி. பத்திரமா போய்ட்டு வாங்க."

போய்ப் பார்த்தபிறகுதான் விஷயம் தெரிந்தது. மான் மந்தைக்குப் புல் எங்கே இருக்கிறதோ அங்கேதான் வேலை. ஓடையைத் தாண்டி, கரட்டுக் குன்றைத் தாண்டி, மூங்கில் காட்டையும் தாண்டிப் போனார்கள். ஒரு சுற்று முடிய ஒரு அமாவாசையும் ஒரு பௌர்ணமியும் ஆயிற்று. குடுக்கையைச் சுமந்துகொண்டு கூர்மூக்கன் வீடு வந்து சேரும்போது பொடிசு தூங்கிப் போயிருப்பாள். விடிந்ததும் மந்தை கிளம்பிவிடும். அவனும் அதோடு ஓட வேண்டும். "வரேன்!" என்று வாசலில் அவன் குரல் கொடுக்கும்போதுதான் பொடிசு கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து வருவாள். அதற்குள் அவன் பத்தடி போயிருப்பான். அவன் வால் மட்டும் புதருக்குள் மறைவது அவளுக்குத் தெரியும்.

இப்படியே மூன்று சுற்று ஆயிற்று.

நாலாவது சுற்றின் முடிவில், வீட்டுக்கு இரண்டு நாள் நடைதூரத்தில் மந்தை தங்கியிருந்தபோது, நரி பல்லெல்லாம் தெரிய வந்தான். "அடிச்சதுடா யோகம்! கொம்பையா உன்னை நிரந்தரமா வச்சுக்கப் போறாராம். மூங்கில் காட்டுல விரியன்கிட்டேருந்து மான்குட்டியைக் காப்பாத்தினியே, அதுல மனுஷன் சொக்கிப்போயிட்டாரு. வருஷம் முழுக்க மந்தையோடவே இருக்கணும். பேரே 'தலைமைக் காவலர்'தான்! கூலி மட்டும் அதே குடுக்கைதான். ஊம்னு ஒரு வார்த்தை சொல்லு."

(மானை மனுஷன் என்கிறானே என்று சிரிக்காதீர்கள். நரி அப்படித்தான் பேசுவான்.)

கூர்மூக்கனுக்குப் பெருமையாகவும் இருந்தது, வருஷம் முழுக்க என்றதும் வீட்டு நினைவும் வந்தது. "வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன் அண்ணே," என்றான். கொம்பையா நல்லவர். "முன்னாடியே போய்க் கேட்டுட்டு வா. மந்தை உங்க வேலமரத்துப் பக்கம் வரும்போது பதில் சொன்னா போதும்," என்று அனுப்பி வைத்தார்.

வழியில் குட்டையோரம் ஆமை வெயில் காய்ந்துகொண்டிருந்தான். கூர்மூக்கன் நின்று, "ஆமையண்ணே, வீட்டை விட்டு எப்பவும் வெளியிலேயே இருக்கிற மாதிரி ஒரு வேலை வந்திருக்கு. சேரலாமா, வேண்டாமா?" என்று கேட்டான்.

ஆமை தன் முதுகு ஓட்டைத் திரும்பிப் பார்த்துக்கொண்டான். "வீட்டை விட்டு எப்படி வெளியில இருக்கிறது? எனக்குப் புரியலையே!" என்றான்.

"உங்ககிட்டப் போய்க் கேட்டேன் பாருங்க!" என்று அலுத்துக்கொண்டு கூர்மூக்கன் நடையைக் கட்டினான்.

அந்தத் தடவை அவன் வேலமரத்தை நெருங்கும்போது நல்ல பகல். பொடிசு விழித்திருப்பாள்! அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. கொஞ்சம் தள்ளி வரும்போதே சந்தோஷமாகக் கூவினான்.

"பொடிசு! அப்பா வரேன்!"

புற்றுக்குள்ளிருந்து ஓவென்று ஒரு அழுகைச் சத்தம் கேட்டது. "அம்மா! அப்பா கிளம்பிட்டாரு! வரேன்னு சொல்லிட்டாரு!"

விழுந்தடித்துக்கொண்டு வெளியே ஓடிவந்தாள் பொடிசு. எதிரே கூர்மூக்கன் கையை விரித்துக்கொண்டு நின்றான். அவள் அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அவனைச் சுற்றிக்கொண்டு போய்ப் பாதையை எட்டிப் பார்த்தாள். திரும்பி வந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மரியாதையாகக் கேட்டாள்.

"மாமா, எங்கப்பா இப்பதான் வரேன்னு சொல்லிட்டுப் போனாரு. வழியில பார்த்தீங்களா?"

பாம்பின் சீறலுக்கு அசையாதவன், பெற்ற மகள் மாமா என்று கூப்பிட்டதும் ஆடிப்போனான். அழுவதைக் குட்டி பார்க்கக் கூடாதே என்று சட்டென்று திரும்பி நின்றுகொண்டான்.

திரும்பியதும் அவன் வால் தெரிந்தது. கறுப்பு நுனி உள்ள அந்த வால்.

"அப்பா!" என்று கத்தினாள் பொடிசு. இரண்டு கையாலும் வாலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "போகாதீங்கப்பா! போகாதீங்க!"

"நான் போகலைம்மா. இப்பதான் வந்தேன். வரேன்னுதானே சொன்னேன்?"

"வரேன்னாதான் போயிடுவீங்களே!" என்று தேம்பினாள்.

வாசலில் நின்ற தும்பை முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பொடிசு அழுது ஓய்ந்து, வாலைப் பிடித்தபடியே தூங்கிப் போனதும், கூர்மூக்கன் நரி சொன்னதையெல்லாம் சொன்னான். "தலைமைக் காவலராம். எனக்கு ஒண்ணும் வேண்டாம் தும்பை. வேலையையே விட்டுடறேன்," என்றான்.

"விட்டுட்டு?" என்றாள் தும்பை. "நீங்க இல்லாம இந்த வீடு வீடாவே இல்லைங்க. உங்களைப் போகச் சொல்ல எனக்கும் மனசு வரலை. ஆனா அந்த முட்டை இல்லேன்னா இந்தக் குட்டி இன்னைக்கு இருந்திருக்காது. அதையும் மறந்துடாதீங்க."

அது உண்மைதானே? கூர்மூக்கன் தூங்குகிற குட்டியின் பிடியிலிருந்து வாலை எடுக்காமலே வெகுநேரம் யோசித்தான். பிறகு, "தும்பை, நம்ம வேலமரத்திலேருந்து ஓடை வரைக்கும் எத்தனை பாம்புப் பொந்து?" என்று கேட்டான்.

"பதினொண்ணு. இது என்ன கேள்வி? கண்ணை மூடிட்டே சொல்வேன்."

"மூங்கில் காட்டுல எத்தனை?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கும் தெரியாது," என்றான் கூர்மூக்கன். "விஷயமே அதுதான்."

மறுநாள் மந்தை வந்தது. கொம்பையா கொம்பை அசைத்து வரவேற்றார். பக்கத்தில் நரி நின்றான்.

"ஐயா, மூங்கில் காட்டுல உங்க குட்டி தப்பிச்சது என் சாமர்த்தியத்தாலன்னு எல்லாரும் சொல்றாங்க. அது பொய்," என்றான் கூர்மூக்கன். "அந்த இடம் எனக்குப் பழக்கமில்லை. பொந்து இருக்கிறதே தெரியாது. விரியன் சீறினதுக்கப்புறம்தான் பாய்ஞ்சேன். ஒரு நொடி தாமதிச்சிருந்தா குட்டி போயிருக்கும்."

"அட முட்டாள்! உன் வாயாலயே கெடுத்துக்கிறியே!" என்று நரி பல்லைக் கடித்தான்.

கூர்மூக்கன் நிறுத்தவில்லை. "இந்த வேலமரத்திலேருந்து ஓடை வரைக்கும் எனக்கு ஒவ்வொரு பொந்தும் அத்துப்படி. ஓடைக்கு அந்தப் பக்கம் கரட்டுல இன்னொரு கீரி குடும்பம் இருக்குது. மூங்கில் காட்டுலயும் இருக்கும். அந்தந்த இடத்துக்கு அந்தந்த இடத்துக் கீரியை வச்சுக்குங்க. உங்க குட்டிகளும் பத்திரமா இருக்கும், நாங்களும் பொழுது சாய வீட்டுக்குப் போயிடுவோம்."

"அத்தனை பேரைச் சேர்த்துவிட யாரால ஆகும்?" என்று நரி குதித்தான். "ஒரே ஆள் வருஷம் முழுக்க இருந்தா எல்லாருக்கும் சுலபம்!"

"உனக்குச் சுலபம்," என்றார் கொம்பையா. பிறகு கூர்மூக்கனிடம், "நீ சொல்றது நியாயம்தான். ஆனா இந்தப் பக்கம் நாங்க மேயுற நாளுக்கு மட்டும்தான் உனக்குக் கூலி. கால் குடுக்கை தேறினாலே அதிகம். சம்மதமா?"

கால் குடுக்கை போதாது என்று கூர்மூக்கனுக்குத் தெரியும். "சம்மதம் ஐயா. நான் வீட்டுல இருந்தா, ஒருத்தர் குட்டியைப் பார்த்துக்க இன்னொருத்தர் இரை தேடலாம். எப்படியாவது சமாளிச்சுக்குவோம். இவ்வளவு தூரம்னு நரியண்ணன் முதல்ல சொல்லவே இல்லை. என் மக என்னை மாமான்னு கூப்பிடறா ஐயா," என்றான்.

கொம்பையா திரும்பிப் பார்த்தார். அவருடைய குட்டிகள் அவர் காலுக்கிடையிலேயே துள்ளிக்கொண்டிருந்தன. "எங்க குட்டிங்க எப்பவும் எங்ககூடவே நடக்குது. உனக்கு ஒரு குட்டி இருக்கான்னு நான் ஒரு நாள்கூடக் கேட்கலையே," என்று வருத்தப்பட்டார். நரியை முறைத்துப் பார்த்து, "போய் ஓடைக்கு அந்தப் பக்கம் ஆள் பாரு. கூலியைச் சொல்றதுக்கு முன்னாடி தூரத்தைச் சொல்லு," என்று விரட்டினார்.

அதற்குப் பிறகு வேலமரத்தடியில் எல்லா நாளும் வயிறு நிறைந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். சில நாள் அரை வயிறு, சில நாள் அதுவும் இல்லை. மழை வரும்வரை அப்படித்தான் தள்ளினார்கள். ஆனால் மான்கள் மேயும் நாளில் காலையில் "வரேன்!" என்று சொல்லிவிட்டுப் போகும் கூர்மூக்கன், சாயங்காலம் "வந்துட்டேன்!" என்று வாசலில் நின்றான். முதல் இரண்டு நாள் பொடிசு நம்பவில்லை, வாலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மூன்றாம் நாள் வாசலில் உட்கார்ந்து காத்திருந்தாள்.

பிறகு ஒரு காலை, கூர்மூக்கன் வாசலில் நின்று, "பொடிசு, அப்பா வரேன்!" என்றான்.

பொடிசு ஒரு வண்டை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தாள். தலையைக்கூடத் தூக்கவில்லை.

"சரிப்பா, வாங்க," என்றாள்.

நீதி: கூலி எவ்வளவு என்று கேட்கும்போதே, வேலைக்கும் வீட்டுக்கும் தூரம் எவ்வளவு என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.