மயில் சொன்ன கூப்பிடு தூரம்

வேலன்மலை அடிவாரக் குட்டையில் மரகதம் என்ற தவளை குடியிருந்தது. அந்தச் சித்திரை மாதம் அதற்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை. இட்ட முட்டையெல்லாம் பொரிந்து, தலைப்பிரட்டைகளுக்குக் கால் முளைத்து வாலும் போய்விட்டது. ஒன்றுகூடக் கொக்கின் வாயில் விழவில்லை. எந்தத் தவளைக்குக் கிடைக்கும் இந்தப் பேறு?

பிள்ளைகள் நல்லபடியாகக் கரையேறினால் மலைமேல் அருவியில் முழுக்குப் போடுவதாக மரகதம் முருகனிடம் வேண்டியிருந்தது. வேண்டுதலோடு ஒரு வீம்பும் சேர்ந்துகொண்டது. புறப்பட்ட பிறகு முதல் முழுக்கு அருவியில்தான், நடுவில் ஒரு சொட்டுத் தண்ணீரும் மேலே படக் கூடாது என்று முடிவு கட்டியது. மனிதர்கள் உண்ணாமல் விரதம் இருப்பார்கள். நனையாமல் விரதம் இருந்த தவளை இது ஒன்றுதான்.

துணைக்குப் பக்கத்து வளை நண்டு சுப்பையா கிளம்பியது. எல்லாரும் நேரே ஏறும் பாதையில் அது பக்கவாட்டில் ஏறும். கேட்டால், மலையை வலம் வந்த புண்ணியமும் சேரட்டுமே என்று சொல்லும்.

பாதை தொடங்கும் இடத்தில் ஒரு சுனை. அதன் கரையில் வேலாயுதம் என்ற மயில் தோகையைக் கோதிக்கொண்டிருந்தது. அருவி எவ்வளவு தூரம் என்று மரகதம் அதனிடம் விசாரித்தது.

"அருவியா? கூப்பிடு தூரம்தான். நான் மேலே நின்னு ஒரு குரல் கொடுத்தா இங்கே நல்லாக் கேக்கும். சும்மா உலாத்தப் போற மாதிரி போயிட்டு வரலாம்" என்றது மயில்.

எதற்கும் சுனையில் ஒரு முங்கு முங்கிவிட்டுப் போகலாமே என்று சுப்பையா இழுத்தது. மரகதம் ஒப்பவில்லை. கூப்பிடு தூரத்துக்குப் போய் விரதத்தைக் கெடுப்பார்களா? அதுவும் சொன்னது யார்? முருகனையே சுமக்கிற குலமாயிற்றே! நண்டு தான் மட்டும் முங்கி எழுந்து பின்னால் வந்தது.

காலை இதமாக இருந்தது. கொன்றை மஞ்சளாகப் பூத்துக் கொட்டியிருந்தது. பாதையோரம் ஒரு குரங்கு யாரிடமோ பிடுங்கிய வாழைப்பழத்தைத் தோலோடு தின்றுகொண்டிருந்தது. இரண்டும் சிரித்துப் பேசிக்கொண்டே ஏறின. மயில் ஒரே பறப்பில் அருவிக்குப் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து உரக்க அகவியது. அடுத்த பாறைக்குப் பின்னால்தான் நிற்கிறது என்று தோன்றியது.

அடுத்த பாறைக்குப் பின்னால் இன்னொரு பாறை இருந்தது. பாதையோ பள்ளத்தில் இறங்கி, வளைந்து, மறுபடி ஏறியது. மயில் அகவ அகவ இரண்டும் நடந்தன. குரல் மட்டும் பக்கத்திலேயே இருந்தது, அருவியைக் காணோம்.

உச்சி வெயில் வந்துவிட்டது. மரகதத்தின் தோல் காய்ந்து சுருங்கியது. கால்கள் பாறையில் ஒட்டிக்கொண்டன. ஒரு பாறை இடுக்கு நிழலில் அது சாய்ந்துவிட்டது. திரும்பிப் போனாலும் அதே தூரம்தான் என்று சுப்பையா கவலையோடு சொன்னது. குட்டையில் விட்டுவந்த பிள்ளைகளை நினைத்து மரகதத்துக்கு அழுகை வந்தது. அழுதால் இருக்கிற ஈரமும் போய்விடுமே என்று அடக்கிக்கொண்டது.

அந்த நேரம் மயில் மறுபடி அகவியது. மரகதத்துக்கு அப்போதுதான் புத்தியில் உறைத்தது.

"அண்ணே, மயில் பொய் சொல்லல. அது தன் குரலை வச்சு அளந்து சொல்லியிருக்கு. நான் என் குரலை வச்சு அளந்து பாக்கறேன். என் சத்தத்துக்கு ஒரு தவளை பதில் சொன்னா, அங்கே தண்ணி இருக்குன்னு அர்த்தம்."

சுப்பையா பதறிப்போனது. "வேண்டாம் தங்கச்சி. நுணலும் தன் வாயால் கெடும்னு உங்க கூட்டத்தை வச்சுத்தான் பழமொழியே சொல்றாங்க. இடுக்குல பாம்பு இருந்தா?"

"கத்தினா பாம்பு வந்தாலும் வரும். கத்தாட்டி வெயில் வந்தாச்சே."

இருந்த தெம்பையெல்லாம் தொண்டைக்குக் கொண்டுவந்து மரகதம் கத்தியது. பதில் இல்லை. மறுபடி கத்தியது. சருகு சலசலத்தது. சுப்பையா கொடுக்கைத் தூக்கிக்கொண்டு முன்னால் நின்றது. வந்தது ஓணான். அது இரண்டையும் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனது. மரகதம் இன்னொரு முறை கத்தியது. அப்போது வலப்பக்கத்து அத்திமரத்தடியிலிருந்து "க்ரொக்" என்றொரு பதில் வந்தது!

சுப்பையா பின்னாலிருந்து தள்ள, மரகதம் தத்தித் தத்திப் போய்ச் சேர்ந்தது. அத்தி வேருக்கடியில் தட்டளவு தண்ணீர் தேங்கியிருந்தது. பட்டப்பகலில் யார் கத்துகிறது என்று ஒரு பாறைத் தவளை எட்டிப் பார்த்தது. தண்ணீரின் விளிம்பில் மரகதம் தயங்கி நின்று, தன் விரதத்தைச் சொன்னது.

"இது அருவித் தண்ணிதான், தாயி. பாறைக்குள்ள கசிஞ்சு இங்கே வருது. இல்லைன்னா முருகனே வந்து சொல்லட்டும். முதல்ல இறங்கு" என்றது பாறைத் தவளை.

மரகதம் தொப்பென்று விழுந்தது. போன உயிர் திரும்பி வந்தது.

அதன் பிறகு அவசரம் இல்லை. கொஞ்சம் ஏறுவது, கத்துவது, பதில் வந்த இடத்தில் நனைவது, மறுபடி ஏறுவது. வெயில் தாழ்ந்தபோது அருவி வந்தது. வெள்ளை வெளேரென்று விழுந்து, சாரலாகத் தெறித்தது. மரகதம் பிள்ளைகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு முழுக்குப் போட ஆரம்பித்து, பாதியில் எண்ணிக்கையை விட்டுவிட்டு, சும்மாவே குதித்துக் கும்மாளம் போட்டது.

கூப்பிடு தூரத்துக்கு இவ்வளவு நேரமா என்று மயில் வியந்தது.

"கூப்பிடு தூரம்தான் சாமி. உங்க குரலுக்கு ஒரு கூப்பிடு தூரம், என் குரலுக்குப் பல கூப்பிடு தூரம்" என்றது மரகதம்.

மயிலுக்கு வெட்கமாகிவிட்டது. இப்போதெல்லாம் யாராவது வழி கேட்டால், அது முதலில் அவர்கள் காலைத்தான் பார்க்கிறதாம்.

வழியை ஊரிடம் கேட்கலாம். தூரத்தை நம் காலிடம்தான் கேட்க வேண்டும்.