தானாக வரும் எபிரேயம்

பனைவிளையில் மூன்று பேர் இருந்தார்கள். இன்னும் இருக்கிறார்கள். அதுதான் எங்களுக்குச் சங்கடம்.

மூத்தவர் தங்கப்பழம். கொஞ்சம் வாழை, ஓர் ஓட்டு வீடு, ஒரு வெள்ளாடு. அடுத்தவர் அவர் தம்பி எசேக்கியேல். மூன்றாவது ஆள் மாசில்லாமணி, தங்கப்பழத்தின் மனைவி கனிபாக்கியத்தின் தம்பி. ஒரு நாள் தங்கிவிட்டுப் போக வந்தவர். போகவில்லை.

மூவருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. சொன்னதைச் செய்வார்கள். சொன்னபடியே செய்வார்கள். அவர்கள் வீட்டுக்கு அடுத்த வீடு என்னுடையது. நான் வாங்கி வந்த வரம்.

தங்கப்பழத்தின் ஒரே மகள் பியூலா இஸ்ரேலில், ஹைஃபாவில் நர்ஸ். அங்கே நோவாம் என்ற பையனைப் பிடித்துப் போயிற்று. நல்ல பையன். ஒரு நாள் போன் வந்தது.

"அப்பா, நோவாமோட அம்மா ஷோஷனா நம்ம வீட்டைப் பார்க்க வாறாங்க. பொங்கலுக்கு முந்தி. அவுங்களுக்கு எபிரேயம் மட்டும்தான் தெரியும். சம்பந்தி வீட்டுல தன்கூடப் பேச ஒரு ஆளாவது இருக்கணும், இல்லேன்னா இந்தச் சம்பந்தமே வேண்டாம்னுட்டாங்க. நீங்க மூணு பேருல ஒருத்தராவது படிங்கப்பா. எனக்காக."

அந்தப் பிள்ளை அதுவரை அப்பனிடம் எதுவும் கேட்டதில்லை. தங்கப்பழத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

"கவலைப்படாத மக்கா. நாசரேத்து நமக்குப் பஸ்ல ஏறி இறங்குற தூரம்தான" என்றார்.

எங்கள் பக்கத்தில் நாசரேத் என்று ஓர் ஊர் இருக்கிறது. மூவரும் மறுநாளே போனார்கள். பஸ் ஸ்டாண்டில் விசாரித்தார்கள். எபிரேயம் பேசுகிற ஆள் அங்கே இல்லை. கருவாடு வாங்கிக்கொண்டு திரும்பினார்கள்.

பிறகு பியூலாவே ஒரு புத்தகம் அனுப்பினாள். யாரோ ஓய்வு பெற்ற போதகர் தமிழில் எழுதியது. பெயர் 'வீட்டோடு எபிரேயம்'. முதல் பக்கத்தில் இப்படிப் போட்டிருந்தது: 'இதைப் பாடமாகப் படிக்காதீர்கள். ஒரு யூதக் குடும்பம் ஒரு வருடத்தை எப்படி வாழ்கிறதோ அப்படி வாழ்ந்து பாருங்கள். சொல் தானாக நாவில் வரும்.'

உள்ளே இடது பக்கம் பூராவும் செய்ய வேண்டியது. வலது பக்கம் பூராவும் சொற்கள்.

மூவரும் வட்டமாக உட்கார்ந்தார்கள்.

"அத்தான், சொல்லு தானா வரும்னு போட்டிருக்கு. அப்ப வலது பக்கம் எதுக்கு?" என்றார் மாசில்லாமணி.

"வராதவங்களுக்கா இருக்கும்" என்றார் எசேக்கியேல்.

"நமக்கு வரும்லா?"

"வரும்."

"வாற சொல்ல முன்கூட்டியே பார்த்தா அது காப்பி அடிச்ச மாதிரி ஆயிரும்" என்றார் தங்கப்பழம். அவர் பள்ளிக்கூடத்தில் காப்பி அடித்து மாட்டியவர். அந்த பயம்.

மைதா பசை காய்ச்சி, வலது பக்கங்களை எல்லாம் ஒட்டிவிட்டார்கள். இப்படித்தான் படிப்பு தொடங்கியது.

முதல் வேலை, வீட்டுச் சாமான்கள் ஒவ்வொன்றிலும் அதன் பெயரை எழுதி ஒட்டு என்பது. பெயர் எங்கே? பசைக்குள். ஆனாலும் ஒட்டச் சொல்லியிருக்கிறதே. வெற்றுத் துண்டுக் காகிதங்களாக வெட்டி எல்லாவற்றிலும் ஒட்டினார்கள். பானையில் ஒன்று. கதவில் ஒன்று. வெள்ளாட்டின் நெற்றியில் ஒன்று.

"என்னல இது, ஒண்ணும் எழுதாம?" என்று கேட்டேன்.

"தானா வரும் அண்ணாச்சி" என்றார் எசேக்கியேல்.

கனிபாக்கியத்தின் முதுகிலும் ஒன்று இருந்தது. அது தெரியாமல் அவள் ரேஷன் கடை வரைக்கும் போய் வந்துவிட்டாள்.

அடுத்தது ஓய்வுநாள். வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததிலிருந்து சனிக்கிழமை பொழுது சாயும்வரை வேலை கூடாது. அடுப்பு மூட்டக் கூடாது, விளக்குச் சுவிட்சைத் தொடக் கூடாது. கனிபாக்கியத்துக்கு இந்தப் பாடம் மட்டும் ரொம்பப் பிடித்தது. முறத்தைத் தலைக்கு வைத்துப் படுத்துவிட்டாள்.

வாழைக்குத் தண்ணீர் பாய்ச்ச மோட்டாரைப் போட்டிருந்தார்கள். பொழுது சாய்ந்தது. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

"நிறுத்தணுமே" என்றார் தங்கப்பழம்.

"நிறுத்துறது வேலை" என்றார் மாசில்லாமணி.

"ஓடுறது?"

"அது மோட்டாருக்கு வேலை. மோட்டார் கல்யாணம் பேசப் போகலையே."

மறுநாள் சாயங்காலம்வரை ஓடியது. வாழை முங்கி, வேலியைத் தாண்டி, என் முற்றத்துக்கு வந்தது. என் முருங்கை சாய்ந்தது. அதை விடுங்கள்.

பண்டிகைகளைக் காலண்டர் பார்க்காமல் பக்க வரிசைப்படியே வைத்துக்கொண்டார்கள். அடுத்தது பாவநிவாரண நாள். நாம் யாருக்குத் தீங்கு செய்தோமோ அவர்களிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். எசேக்கியேல் தெருத் தெருவாகப் போனார். அதுவரை யார் எடுத்தது என்று தெரியாமல் இருந்த இளநீர், கோழி, சைக்கிள் பம்பு எல்லாம் அன்றைக்குத் தெரிந்தது. ஊரில் நாலு வீட்டில் அவரோடு பேச்சு நின்றது.

மாசில்லாமணி யோசித்துப் பார்த்தார். அவர் யாருக்கும் ஒன்றும் செய்ததில்லை. நகர்ந்தால்தானே. நேரே என் வீட்டுக்கு வந்தார். கொடியில் காய்ந்த என் வேட்டியைச் சேற்றில் இழுத்துப் போட்டார். மிதித்தார்.

"அண்ணாச்சி, மன்னிக்கணும்" என்றார்.

"எதுக்குல இப்படிச் செஞ்ச?"

"மன்னிப்புக் கேக்கத்தான்."

யூதர்களின் தீபப் பண்டிகைக்கு, தெருவில் போகிறவர்கள் பார்க்கும்படி ஜன்னலில் விளக்கு வைக்க வேண்டும். அவர்கள் வீட்டு ஜன்னல் கொல்லைப் பக்கம். அங்கே வெள்ளாடு மட்டும்தான் போகும். மூவரும் வெகுநேரம் யோசித்தார்கள். வீட்டைத் திருப்ப முடியாது. ஆகவே தெருவைத் திருப்பினார்கள். எசேக்கியேல் நடுரோட்டில் நின்று சாயங்கால பஸ்ஸை மறித்து, ஆட்களை இறக்கிக் கொல்லைக்குக் கூட்டிப்போனார். கண்டக்டரும் வந்து பார்த்தார்.

"விளக்கு நல்லாத்தான் இருக்கு. ஆட்டுக்கு நெத்தியில என்ன காயமா?" என்றார்.

பஸ்கா பண்டிகை வந்தபோது எனக்குக் கொஞ்சம் விடிந்தது. புளித்த மாவு ஒரு பொட்டு வீட்டில் இருக்கக் கூடாது, வெளியாளிடம் கொடுத்துவிட வேண்டும். கனிபாக்கியம் அப்போதுதான் பெரிய சட்டியில் இட்லி மாவு அரைத்துப் பொங்க வைத்திருந்தாள். சட்டியோடு எனக்கு வந்தது. இவர்களால் நான் கண்ட நல்லது அது ஒன்றுதான்.

அதே பண்டிகையில் இன்னொன்று. எலியா தீர்க்கதரிசி வருவார் என்று கதவைத் திறந்து வைத்து, அவருக்கென்று ஒரு குவளை ஊற்றி வைக்க வேண்டும். இது ராத்திரிச் சாப்பாட்டில் செய்வது. ராத்திரி மூவரும் தூங்கிவிடுவார்கள் என்பதால் பகலிலேயே வைத்தார்கள். திராட்சை ரசத்துக்குப் பதில் பன்னீர் சோடா.

கதவு திறந்திருந்தது. கரண்டு ரீடிங் எடுக்கிறவர் உள்ளே வந்தார்.

மூவரும் எழுந்து நின்றார்கள்.

"வாங்க, வாங்க. இப்படி நாற்காலியில" என்றார் தங்கப்பழம்.

"மீட்டர் பார்க்கணும்" என்றார் அவர்.

"எல்லாத்தையும் பாருங்க. மறைக்க ஒண்ணுமில்ல."

"கரண்டு நெறைய எடுத்திருக்கீங்களே. என்ன ஓடுச்சு?"

எசேக்கியேல் முழங்காலில் விழுந்துவிட்டார். "மோட்டாரு. ஓய்வுநாளு. உங்களுக்குத் தெரியாததா."

அந்த மனுஷன் சோடாவைக் குடித்துவிட்டு ஓடிப்போனார். வேதத்தில் எலியா போன மாதிரியே அக்கினி ரதத்தில் போனதாக மாசில்லாமணி சொன்னார். டிவிஎஸ் பிஃப்டி. நான் பார்த்தேன்.

கடைசியில் கூடாரப் பண்டிகை. இலை தழையால் கூரை போட்ட குடிலில் இருந்து சாப்பிட வேண்டும். அந்தக் கூரை வழியே நட்சத்திரம் தெரிய வேண்டும்.

"புதுசா குடில் எதுக்கு? வீடுதான் இருக்குல்லா" என்றார் எசேக்கியேல்.

"நட்சத்திரம் தெரியலையே."

"ஓடு மறைக்குது. பிரிச்சா தெரியும்."

பிரித்தார்கள். ஓட்டை இறக்கினார்கள். ஓட்டைத் தாங்குகிற ரீப்பர் சட்டங்களைக் கழற்றினார்கள். தாத்தா காலத்துப் பனங்கை, வைரம் பாய்ந்த கட்டை, அதையும் உருவி முற்றத்தில் குவித்தார்கள். சுவர்மேல் நாலு தென்னங்கீற்றைப் போட்டார்கள். கனிபாக்கியம் கரண்டியோடு வெளியே வந்து அண்ணாந்து பார்த்தாள்.

"மழ பெஞ்சா?"

"பண்டிகை முடிஞ்சதும் திரும்ப மாட்டிருவோம்க்கா" என்றார் மாசில்லாமணி.

அன்றைக்கே பெய்தது. பண்டிகை முடியவில்லை என்பதால் நனைந்தார்கள்.

வருடம் முழுவதையும் பொங்கலுக்குள் வாழ்ந்து முடித்தாயிற்று. சம்பந்தியம்மா பார்க்கட்டும் என்று கூரையை மட்டும் திரும்ப மாட்டவில்லை. சொல் வரவில்லை. காலையில் எழுந்ததும் மூவரும் கிழக்கே பார்த்து உட்கார்ந்து வாயைத் திறந்து வைத்துக்கொள்வார்கள். ஈ வந்தது. வேறு ஒன்றும் வரவில்லை.

"சாமான் எல்லாம் தயாரா இருக்கு. ஆளு வந்தா சொல்லும் வந்துரும்" என்றார் தங்கப்பழம். ஆனால் குரலில் பழைய தெம்பு இல்லை. மகளின் போட்டோவை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு நானும் ஒன்றும் திட்டவில்லை.

போகிக்கு முந்தின நாள் வேன் வந்து நின்றது. பியூலா இறங்கினாள், நோவாம் இறங்கினான், பிறகு ஷோஷனா இறங்கினாள். கட்டை குட்டையான அம்மாள், கையில் ஒரு பெரிய பை. வேலிக்கு இந்தப் பக்கம் நான்.

பியூலா வீட்டைப் பார்த்தாள். கூரை இல்லை. கதவில் வெற்றுக் காகிதம். ஆட்டில் வெற்றுக் காகிதம். அவள் முகம் வெளுத்துப் போயிற்று.

"அப்பா, ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. ஷாலோம்னு ஒரு வணக்கமாவது சொல்லுங்க."

"அது நம்ம வேதக்கோயில்ல சொல்லுறதும்மா. நம்ம வார்த்தை. தானா வரட்டும்" என்றார் மாசில்லாமணி.

மூவரும் உள்ளே, திறந்த கதவுக்கு நேரே, பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தார்கள். வாயைத் திறந்து வைத்துக்கொண்டார்கள். ஷோஷனாவின் முகத்தையே பார்த்தார்கள். சொல் வந்தால் அங்கே இருந்துதானே வர வேண்டும்.

ஷோஷனா எதிரே உட்கார்ந்தாள். என்னமோ கேட்டாள். மறுபடி என்னமோ சொன்னாள். மூன்று வாயும் இன்னும் கொஞ்சம் திறந்தன. அவள் பேச ஆரம்பித்தாள். கையை ஆட்டிப் பேசினாள். நடுவில் அழுதாள், சிரித்தாள். கனிபாக்கியம் காபி வைத்தாள், ஆறியது, எடுத்துப்போனாள். அந்த அம்மாள் நிறுத்தவில்லை. மூவரும் இமைக்கவில்லை. அசைந்தால் சொல் தவறிவிடும் என்று பயம்.

இருட்டுகிற நேரத்தில் ஷோஷனா எழுந்தாள். கீற்று இடுக்கில் முதல் நட்சத்திரம் தெரிந்தது. அதை அண்ணாந்து பார்த்துவிட்டு, பியூலாவின் கையைப் பிடித்து மெதுவாக ஏதோ சொன்னாள். பியூலா அழுதாள். தங்கப்பழம் வாயை மூடினார். காரியம் கெட்டது என்று நினைத்துவிட்டார்.

"என்ன மக்கா, வேண்டாம்னுட்டாங்களா?"

"இல்லப்பா. எங்க வீட்டுல எல்லாரும் பேசுவாங்க, கேக்கதுக்கு ஆள் கிடையாது, இவ்வளவு நேரம் குறுக்கே பேசாம என் பேச்சைக் கேட்ட ஆம்பளைகள நான் பார்த்ததே இல்லங்காங்க. இதுதான் சம்பந்தம்னுட்டாங்க." பியூலா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எங்க பண்டிகைக்காகக் கூரையையே எடுத்தவங்க பண்டிகைய நானும் கொண்டாடணும், நாளைக்கு இங்க என்ன விசேஷம்னு கேக்காங்க."

"போகி" என்றாள் கனிபாக்கியம். "நமக்குக் கிடையாது. தெருவுல செய்வாங்க. விடியுமுன்னே பழைய சாமான், கழிச்சுப் போட்டதையெல்லாம் வாசல்ல போட்டு எரிப்பாங்க."

பியூலா அதை எபிரேயத்தில் சொன்னாள். சொன்னபடியே சொன்னாள். அவளும் அந்த வீட்டுப் பிள்ளைதானே.

விடியற்காலையில் எனக்குக் கண் எரிந்தது. புகை. எழுந்து வேலிக்கு வந்தேன். முற்றத்தில் கழற்றிக் குவித்திருந்த பனங்கை, ரீப்பர் எல்லாம் தென்னை உயரத்துக்கு எரிந்துகொண்டிருந்தது. ஷோஷனா குனிந்து குனிந்து எடுத்துப் போட்டாள். எசேக்கியேலும் மாசில்லாமணியும் ஓடி ஓடி எடுத்துக் கொடுத்தார்கள். விருந்தாளியைத் தனியாக வேலை செய்ய விடலாமா.

தங்கப்பழம் உள்ளே கட்டிலில் நிம்மதியாகப் படுத்திருந்தார். கதவு திறந்துதான் கிடந்தது. எலியாவுக்குத் திறந்ததை யாரும் மூடவில்லை.

"ஏல தங்கப்பழம், எந்திரில. ஒன் கூரை எரியுதுல" என்று கத்தினேன்.

அவர் கண்ணைத் திறந்தார். படுத்தபடியே மேலே பார்த்தார். இந்தச் சுவர் முதல் அந்தச் சுவர்வரை நிதானமாகப் பார்த்தார்.

"எரியலியே அண்ணாச்சி" என்றார். "நட்சத்திரம்லாம் நல்லாத் தெரியுது."